நன்றியுரை இல்லாமல் கலைந்த கூட்டம்

பழைய கடதாசிகளோடு வேலை செய்யப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். சொல்கிறேன். ஆனால் கறையானை எப்படி ஒழிப்பது, ஒல்லாந்தர் எழுத்தை எப்படி வாசிப்பது என்று என்னிடம் கேட்காதீர்கள். அலுமாரிக்கு முன்னால் கொஞ்சக் காலம் குந்தியிருந்தால் அதெல்லாம் தானாக வரும். எனக்கே வந்ததென்றால் உங்களுக்கு வராதா? தானாக வராத ஒன்று இருக்கிறது. கண்டெடுத்ததை யாருக்கு முன்னால், எப்போது, எப்படி வாயைத் திறந்து சொல்வது என்பதுதான் அது. நான் அதைப் படித்தது வடகரையில் நடந்த ஒரு கூட்டத்தில். அந்தக் கூட்டத்தின் கதையை மட்டும் சொல்லிவிட்டுப் போய்க் கதிரையில் இருந்துவிடுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் துறைமுகக் கந்தோர் ஒன்றில் பழைய பத்திரங்களுக்குப் பொறுப்பான எழுதுவினைஞன். வீடு அரியாலையில். பின்னேரங்களில் சரித்திரச் சங்கம் ஒன்றுக்குக் காரியதரிசி. சங்கம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு அலுமாரி, இரண்டு வாங்கு, ஒரு தலைவர், அவ்வளவுதான். ஊர் ஊராகப் போய் அந்தந்த ஊரின் பழைய கதையை அந்தந்த ஊராருக்கே சொல்வது எங்கள் வேலை. சாவகச்சேரியில் சந்தையைப் பற்றிப் பேசினேன். சனம் நல்லாய்க் கேட்டது. அளவெட்டியில் என் பேச்சுக்கு முன்னால் நாதசுரம் வைத்தார்கள். வாசிப்பு முடிந்ததும் பாதிச் சனம் எழும்பிப் போய்விட்டது. சுருக்கமாகப் பேசப் பழகியது அன்றைக்குத்தான்.

எங்கள் தலைவரை எல்லாரும் மாஸ்ரர் என்று கூப்பிடுவோம். பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்ந்தவர். கூட்டங்களில் பேசமாட்டார். என் பக்கத்தில் இருந்து என் கடதாசிப் பையை மடியில் வைத்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். ஆனால் நான் ஒரு பொய்யைச் சொல்ல வாயெடுத்தால் அவருக்கு இருமல் வரும்.

வடகரையில் ஒரு கப்பற்கார ஊரிலிருந்து அழைப்பு வந்தது. தங்கள் ஊர்க் கப்பல்களின் வரலாற்றைப் பேச வேண்டுமாம். அந்த ஊரார் பாய்க்கப்பல் கட்டி, புகையிலை ஏற்றி, பர்மாவரைக்கும் போய் அரிசி கொண்டு வந்தவர்கள். கந்தோர் அலுமாரியில் அவர்களைப் பற்றி நிறைய இருந்தது. தேடிக்கொண்டு போனபோது ஒரு வாக்குமூலம் அகப்பட்டது. என் கெட்டித்தனம் ஒன்றுமில்லை. கறையான் மேல் கட்டைத் தின்று முடித்திருந்தது, அதனால் அடுத்த கட்டு கைக்கு வந்தது. பக்கத்து ஊர்க் கப்பல் ஒன்றின் தண்டையல், அதாவது கப்பலை நடத்திப் போகிறவர், கந்தோரில் வந்து சொன்னதை அந்தக் காலத்து எழுதுவினைஞன் எழுதி வைத்திருந்தான். ‘தையல்நாயகி’ என்ற கப்பல் கவிழ்ந்து மிதந்ததைத் தன் கண்ணால் கண்டதாகச் சொல்லியிருந்தார் அந்தத் தண்டையல். தையல்நாயகி நான் பேசப்போகும் ஊரின் கப்பல். வாக்குமூலம் என் பேச்சுக்கு நல்ல தீனி என்று சந்தோஷப்பட்டேன். அந்த வயதில் வேறு எதை நினைப்பேன்?

பஸ்ஸால் இறங்கியபோது அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தின் இளம் ஆசிரியர் எங்களைக் கூட்டிப்போக வந்து நின்றார். சிவகுரு என்று பெயர். மீசை அரும்பிக் கொஞ்சக் காலம்தான் இருக்கும். கொஞ்சத் தூரம் எங்களோடு நடந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“அண்ணை, உங்கடை பேச்சிலை தையல்நாயகி வருமோ?”

“வரும். ஏன் தம்பி?”

“அதிலை தண்டையலாய்ப் போன முருகேசர் என்ரை அப்பா.”

எனக்கு நடை நின்றுவிட்டது. என் கடதாசிப் பையோடு வந்த மாஸ்ரரும் நின்றார்.

“நான் கைக்குழந்தையாய் இருக்கேக்கை போனவர். வரேல்லை. கப்பல் கடலிலை தாண்டு போச்செண்டு துறையிலை கதைச்சதை நான் பெரிய பொடியனானாப் பிறகு கேட்டனான். ஆனால் வீட்டிலை ஒருத்தரும் சொல்லேல்லை. அம்மாவுக்குத் தெரியாது. இப்பவும் பொட்டு வைச்சுக்கொண்டு இருக்கிறா. ஆடி அமாவாசை வருகுது அண்ணை. தேப்பன் இல்லாத ஆம்பிளையள் எல்லாரும் விரதம் இருப்பினம். ஊர் முழுக்க விரதக் கறிக்குக் காத்தோட்டிக்காய் பொரிக்கிற மணம் வரும். எங்கடை வீட்டிலை மட்டும் அண்டைக்கு மீன் காய்ச்சுறது. அப்பா உயிரோடை இருக்கிறார் எண்டு காட்டத்தான். நான் அதை விழுங்குற பாடு எனக்குத்தான் தெரியும்.”

“நீரே அம்மாவுக்குச் சொல்லலாமே?”

“நான் சொன்னால் அவவின்ரை தாலியை நானே கழட்டின மாதிரி. நீங்கள் வெளியூர். கடதாசியிலை இருக்கிறதைத்தானே சொல்லப் போறியள்? சொல்லிவிடுங்கோ அண்ணை.”

நான் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாமல் கடலைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியரின் அறையில் எங்களுக்குத் தேத்தண்ணி தந்தார்கள். கூட்டத்துக்குத் தலைமை தாங்க இருந்தவர் அந்த ஊரின் பெரிய கப்பல்காரர். ‘கப்பல் ஐயா’ என்றுதான் ஊரில் பெயர். நல்ல உயரம், நல்ல குரல், அதிகாரம் பண்ணிப் பழகிய மனுசன். என்ன பேசப்போகிறேன் என்று கேட்டார். சொன்னேன். தையல்நாயகி என்றதும் எழும்பிப்போய்க் கதவைச் சாத்தினார்.

“தம்பி, கோவியாதையும். அந்தக் கப்பலை இண்டைக்கு எடுக்காதையும்.”

“ஏன் ஐயா?”

“ஏனோ? அது என்ரை கப்பல். அந்தப் பயணத்திலை இந்த ஊரான் முருகேசு ஒருத்தன்தான், மிச்ச ஆக்கள் நாகபட்டினத்திலை ஏறினவை. முருகேசு எனக்கும் உரித்துச் சொந்தம், இந்த ஊரிலை பாதிப்பேருக்கும் உரித்து. நீர் மேடையிலை நிண்டு அவன் செத்துப்போனான் எண்டு சொன்னால், கேட்ட அத்தினை பேருக்கும் துடக்கு. வாற கிழமை கோயிலிலை கொடியேற்றம். கொடிக்கயிறு ஆர் பிடிக்கிறது? தேர் ஆர் இழுக்கிறது? நீரோ?”

இளையவர்களாகிய உங்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தூரத்தில் ஒருவர் இறந்தால், இறந்த நாளிலிருந்து அல்ல, அந்தச் செய்தி காதில் விழுந்த நேரத்திலிருந்துதான் உறவினருக்குத் துடக்கு, அதாவது சாவுத் தீட்டுக் கணக்கு. துடக்கு உள்ளவர் கோயில் படி மிதிக்க முடியாது. செய்தி காதில் விழாதவரைக்கும் துடக்கும் இல்லை. இரகசியமாகக் கதைத்தது கணக்கில் வராது, சபையறியச் சொன்னால்தான் செய்தி என்பது அந்த ஊராரின் சாட்டு.

“அப்ப ஏன் ஐயா அந்த நேரமே சொல்லேல்லை?” என்று கேட்டேன்.

கப்பல் ஐயா கதிரையில் இருந்தார். அவருடைய குரல் இறங்கிவிட்டது. “சொல்லத்தான் இருந்தம். செய்தி வந்த அண்டைக்கு என்ரை தங்கச்சியின்ரை மகளின்ரை தாலிக்குப் பொன்னுருக்கல். கலியாணம் முடியட்டும் எண்டம். கலியாணம் முடிய, திருவிழா வந்திட்டுது. திருவிழா முடிய, முருகேசுவின்ரை தாய் பாயிலை விழுந்திட்டா. அவ எழும்பட்டும் எண்டம். எழும்பினா. ஆனால் என்ரை மோன் வாறான், வாறான் எண்டு சொல்லிக்கொண்டெல்லோ எழும்பினா! பிறகு அவவிட்டைப் போய் ஆர் சொல்லியிருப்பினம்? நீர் சொல்லியிருப்பீரோ?”

அந்த இடத்தில் நானாக இருந்தாலும் அப்படித்தான் தள்ளிப்போட்டிருப்பேன்.

“அவற்றை பெண்சாதிக்கு ஒண்டும் தெரியாதோ?”

“நாகம்மாவோ? பொம்பிளையளின்ரை காதிலை விழாமல் ஆம்பிளையள் நாங்கள் வடிவாய்ப் பாத்துக்கொண்டம்.” இதைச் சொல்லும்போது கப்பல் ஐயாவின் முகத்தில் ஒரு பெருமை. “இந்த ஊரிலை அவவின்ரை கையாலை ஆலாத்தி எடுக்காத கலியாணம் இல்லை, தெரியுமோ? நல்ல கைராசிக்காரி எண்டு முதல் அவவைத்தான் கூப்பிடுவினம். நீர் இண்டைக்கு வாயைத் திறந்தால் நாளைக்கு அவவின்ரை கதி என்ன? யோசியும் தம்பி.”

அவர் எழும்பிப் போய்விட்டார். நான் மாஸ்ரரைப் பார்த்தேன்.

“என்ன மாஸ்ரர் செய்யிறது?”

“பேசப்போறது நீர். என்னைக் கேட்டால்?” பையைத் தடவிக்கொண்டே சொன்னார்: “மகன் சொல்லச் சொல்லுறான். இந்த மனுசன் சொல்ல வேண்டாம் எண்டுறார். அந்தப் பொம்பிளையை ஒருத்தரும் கேக்கேல்லை.”

அதற்குள் மண்டபத்தில் தேவாரம் தொடங்கிவிட்டது. இனி யாரைப் போய்க் கேட்பது?

மண்டபம் நிரம்பியிருந்தது. ஆம்பிளைகள் வாங்குகளில், பொம்பிளைகள் மற்றப் பக்கத்தில் பாயில். முன்னால் கோயில் குருக்களுக்கு ஒரு கதிரை போட்டிருந்தார்கள். யன்னலுக்கு வெளியே கடல். பாயில் முதல் வரிசையில் இருந்தவதான் நாகம்மா என்று யாரும் சொல்லித்தான் தெரிய வேண்டுமென்பதில்லை. மற்றப் பெண்கள் இடம் விட்டு மரியாதையாக இருந்தார்கள். பெரிய குங்குமப் பொட்டு. தலையில் கொஞ்சம் நரை. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் கேட்பது மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தா.

பேசினேன். தேக்குமரம் வந்த கதை, பாய் தைத்த கதை, சுங்கக்காரரை ஏமாற்றிய கதை எல்லாம் சொன்னேன். சிரித்தார்கள், கைதட்டினார்கள். தங்கள் பாட்டனின் கப்பல் பெயர் வந்தபோது கிழவர்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். பிறகு புயலில் போன கப்பல்களுக்கு வந்தேன். ஒவ்வொன்றாகச் சொன்னேன். தையல்நாயகி வரவேண்டிய இடம் வந்தது. கப்பல் ஐயா பக்கத்தில் அசையாமல் இருந்தார். எனக்கு நேரே அந்தக் குங்குமப் பொட்டு. நான் அந்தக் கடதாசியைப் புரட்டிவிட்டு அடுத்த கப்பலுக்குப் போய்விட்டேன். சிவகுரு தலையைக் குனிந்துகொண்டார். மாஸ்ரர் இருமினார்.

பேச்சு முடிந்ததும், “சபையோருக்கு ஏதும் ஐயம் இருந்தால் கேட்கலாம்” என்றார் கப்பல் ஐயா. இது ஒரு சடங்கு வசனம். எங்கள் கூட்டங்களில் யாரும் கேட்பதில்லை. பொம்பிளைகள் கேட்பது என்ற பேச்சே இல்லை. நன்றியுரை சொல்ல இருந்தவர் எழும்பி, கடதாசியை விரித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றார்.

“தம்பி, எனக்கொரு கேள்வி இருக்கு.”

பாயிலிருந்து நாகம்மா எழும்பி நின்றா.

“நீங்கள் எல்லாக் கப்பலையும் சொன்னியள். கேக்கச் சந்தோசமாய் இருந்தது. தையல்நாயகியைப் பற்றி மட்டும் ஒண்டும் சொல்லேல்லை. அது இந்த ஊர்க் கப்பல் இல்லையோ?”

கப்பல் ஐயா அவசரமாக எழும்பினார். “நாகம்மா, நேரம் போட்டுது பிள்ளை, இரு. நன்றியுரைக்காரத் தம்பி, நீர் வாரும், கெதியா வாரும்.”

“ஐயா, நான் உங்களைக் கேக்கேல்லை.” மரியாதையாகத்தான் சொன்னா. அவர் அப்படியே நின்றுவிட்டார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தகவல் ஒன்றும் கிடைக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பியிருப்பேன். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. ஆனால் மாஸ்ரர் பக்கத்தில் இருந்தார். அதோடு, எங்கள் தொழிலில் அந்த ஒரு பொய்யைச் சொன்னவன் பிறகு எதைச் சொன்னாலும் யார் நம்புவது? உள்ளதைப் போட்டு உடைக்கவும் மனம் வரவில்லை. ஒரு நடுவழி கண்டுபிடித்தேன்.

“இந்த ஊர்க் கப்பல்தான் அக்கா. அதைப் பற்றி என்னட்டை ஒரு பத்திரம் இருக்கு. உங்களுக்குச் சொல்ல முதல் சபைக்குச் சொல்லுறது முறையில்லை. கூட்டம் முடிய உங்கடை வீட்டை வந்து சொல்லுறன்.”

என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். அது அவ வாய் திறக்கும்வரைதான்.

“வீட்டிலை சொல்லுறதுக்கு நீங்கள் ஏன் தம்பி? வீட்டிலை எனக்கு எப்பவோ தெரியும்.”

சிவகுரு தலையை நிமிர்த்தித் தாயைப் பார்த்தார்.

“அவர் போன அந்தக் கார்த்திகை முடிய, ஐயா வீட்டு வண்டிலிலை எங்கடை வீட்டுக்கு நெல்லு வந்தது. ஏன் எண்டு கேட்டன். வண்டில்காரன் என்ரை முகத்தைப் பாக்கேல்லை. அதுக்குப் பிறகு என்ரை வீட்டு முத்தத்திலை இருந்து ஒருத்தரும் கடலைப் பற்றிக் கதைச்சதில்லை. கடற்கரை ஊரிலை தம்பி! நான் வந்தால் கதை மாறும். பர்மா எண்டு தொடங்கின ஆள் மாட்டு வைத்தியத்திலை முடிப்பார். நான் என்ன, விசரியோ விளங்காமல் இருக்க?”

ஆம்பிளைகள் பக்கத்தில் எல்லாத் தலைகளும் கீழே போயின.

“மாமிக்காகத்தான் நானும் பேசாமல் இருந்தனான். மோன் வருவான் எண்டு சொல்லிச் சொல்லியே உயிரைப் பிடிச்சுக்கொண்டிருந்த மனுசி. ஆடி அமாவாசைக்கு மீன் காய்ச்சு பிள்ளை எண்டுவா. காய்ச்சினனான். கண்ணீர் சட்டிக்குள்ளை விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு காய்ச்சினனான். இந்த மாசியிலை அவவும் கண்ணை மூடியிட்டா. இனி ஆருக்காக?”

பக்கத்தில் இருந்த பெண்கள் அழத்தொடங்கினார்கள். நாகம்மா அழவில்லை.

“கலியாண வீட்டிலை ஆலாத்தித் தட்டைத் தருவியள். மாட்டன் எண்டால் ஏன் எண்டு கேப்பியள். ஒவ்வொரு தரமும் அந்தப் பிள்ளையளுக்கு என்னாலை ஒரு குறையும் வரக்கூடாது எண்டு நான் வைச்ச நேர்த்தி முருகனுக்குத்தான் தெரியும். எனக்கு இனி ஏலாது. என்ரை பிள்ளை வளந்த ஆம்பிளை. பெத்த தேப்பனுக்கு ஒரு விரதம் இருக்க அவனுக்கு வழியில்லை. இந்தச் சபையிலை தெரியாத ஆள் ஒருத்தரும் இல்லை, ஆனால் ஒருத்தர் வாய் திறந்து சொல்லாமல் அவர் செத்த ஆள் இல்லை. சொல்லுங்கோ தம்பி. எல்லாரும் கேக்கச் சொல்லுங்கோ.”

மாஸ்ரர் என் கடதாசிகளுக்குள்ளிருந்து அந்த ஒரு கடதாசியை உருவி என் கையில் வைத்தார். கப்பல் ஐயா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, “கொடியேற்றம்! ஐயோ தம்பி, கொடியேற்றம்!” என்றார். அவரைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது. பயந்துபோன மனுசன்.

“நான் ஒண்டு சொல்லலாமோ?” என்று கதிரையிலிருந்து ஒரு மெல்லிய குரல். குருக்கள். “வருசம் கடந்து காதிலை விழுற சாவுக்கு உரித்துக்காரருக்குத் துடக்கு இல்லை. கேட்ட உடனை தலைமுழுகினால் சரி. பெண்சாதி பிள்ளைக்குத்தான் நாள் கணக்கு. கொடியேற்றத்துக்கு ஒரு இடைஞ்சலும் இல்லை.”

கப்பல் ஐயா விரித்த கைகளைக் கீழே போட்டார். “இதை... இதை ஏன் ஐயா இவ்வளவு காலமும் சொல்லேல்லை?”

“என்னை ஆர் கேட்டது?” என்றார் குருக்கள்.

எங்கேயோ ஒருவர் சிரித்தார். பிறகு மண்டபம் முழுக்கச் சிரிப்பு. அழுதுகொண்டிருந்த பெண்களும் முந்தானைக்குள் சிரித்தார்கள். நாகம்மாவின் முகத்திலும் ஒரு கணம் சிரிப்பு வந்து போனது. அட கடவுளே! குருக்களிடம் கேட்பதென்றால் செய்தியைச் சொல்லவேண்டும், சொன்னால் துடக்கு வந்துவிடும் என்று பயந்து பயந்தே ஒரு ஊர் இத்தனை காலத்தைக் கடத்தியிருக்கிறது.

சிரிப்பு அடங்கியதும் வாசித்தேன். ஆங்கிலத்தில் இருந்ததை அப்படியே தமிழில் சொன்னேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

புயல் ஓய்ந்த மறுநாள் கவிழ்ந்து மிதந்த கப்பல் ஒன்றைக் கண்டோம். பின்பக்கப் பலகையில் தையல்நாயகி என்ற எழுத்தைப் பார்த்தோம். பொழுது படும்வரை சுற்றிச் சுற்றித் தேடினோம். ஆள் யாரும் இல்லை. அந்த ஆட்களின் உறவினர் யாரும் அங்கே இல்லாதபடியால் நாங்களே உறவினராக நின்றோம். பாயை இறக்கித் தேவாரம் ஓதி, ஒரு விளக்கைக் கொளுத்திக் கடலில் விட்டோம். பிறகு கடல்நீரை அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டு வந்தோம்.

இவ்வளவையும் கந்தோர் எழுதுவினைஞன் ஏன் எழுதி வைத்தான் என்று எனக்குத் தெரியாது. கப்பல் போன விபரம் மட்டும் அவனுக்குப் போதும். யாராயிருந்தாலும் அவனுக்குக் கோடி புண்ணியம்.

நாகம்மாவுக்கு அழுகை அப்போதுதான் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, “விளக்கு வைச்சவையாமோ? அவருக்கு ஆரோ விளக்கு வைச்சவையாமோ?” என்று திரும்பத் திரும்பக் கேட்டா. “ஓம் அக்கா, வைச்சவை” என்றேன். சிவகுரு வாங்குகளைத் தாண்டி ஓடிப்போய்த் தாயைப் பிடித்துக்கொண்டார்.

முதலில் எழும்பியவர் கப்பல் ஐயா. சால்வையை எடுத்து இடுப்பில் கட்டினார். மண்டபத்தை விட்டு இறங்கிக் கடலை நோக்கி நடந்தார். பின்னால் ஒவ்வொருவராக முழுச் சபையும் போனது. உரித்துள்ளவரும் போனார்கள், இல்லாதவரும் போனார்கள். நன்றியுரைக்காரர் கடதாசியை மடியில் செருகிக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் கரை முழுக்கத் தலைகள். ஆம்பிளைகள் ஒரு பக்கம், பொம்பிளைகள் ஒரு பக்கம். பொழுது பட்டுக்கொண்டிருந்தது. பெண்களுக்கு நடுவில் நாகம்மா முழுகி எழும்பியபோது நெற்றியில் பொட்டு இல்லை. கடலே கழுவிவிட்டது.

நான் கரையில் கடதாசியும் கையுமாக நின்றேன். கப்பல் ஐயா நனைந்து நடுங்கிக்கொண்டு வந்தார்.

“என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீர்? முழுகும்.”

“எனக்கு என்ன உரித்து ஐயா?”

“விளக்கு வைச்ச அந்தத் தண்டையலுக்கு என்ன உரித்து?” என்றார்.

கடதாசியை மாஸ்ரரிடம் கொடுத்துவிட்டு இறங்கினேன். “முதல் சப்பாத்தைக் கழட்டும்” என்று பின்னாலிருந்து மாஸ்ரர் கத்தினார். ஈர வேட்டியோடு பஸ்ஸில் ஏறி, நடத்துநரிடம் நல்ல ஏச்சு வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். என் காலத்தில் நன்றியுரை இல்லாமல் கலைந்த கூட்டம் அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். ஒரு ஊரில் பேசப் போகிறேன் என்றால் கூட்டத்துக்கு முதலே அந்த ஊருக்குப் போவேன். பத்திரத்தில் பெயர் வருகிற வீடுகளின் படலையைத் தட்டுவேன். இப்படி ஒன்று அகப்பட்டிருக்கிறது, சொல்லட்டா, வேண்டாமா என்று கேட்பேன். வேண்டாம் என்று சொன்ன வீடுகளும் உண்டு. அவர்கள் சொன்னதைக் கேட்டு நடந்திருக்கிறேன். தாங்கமாட்டார்கள் என்று நாமாகவே முடிவு கட்டக்கூடாது. நீங்களும் தட்டுங்கள். நாய் கடிக்க வந்தால் கொஞ்சம் தள்ளி நின்று கூப்பிடுங்கள். ஊருக்கே தெரிந்த விஷயம்தானே, இதைச் சபையில் சொல்ல என்ன இருக்கிறது என்றும் நினைக்காதீர்கள். அந்த ஊரில் தெரியாதவர் ஒருவருமில்லை. சொல்ல ஆளில்லாமல்தான் ஒரு பிள்ளை மீன் தின்றுகொண்டிருந்தான்.

அந்த ஆடி அமாவாசைக்குச் சிவகுரு கீரிமலையில் தீர்த்தமாடினார். மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வரவேண்டும் என்று எனக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள். போனேன். படைத்து, காகத்துக்கு வைத்து, சிவகுரு விரதம் முடித்து இலைக்கு முன்னால் இருந்தார். என்னையும் பக்கத்தில் இருத்தினார்கள். வெள்ளைச் சேலையோடு நாகம்மா பரிமாறினா. பல கறி வைத்தா, எல்லாம் நல்ல கைப்பக்குவம். கடைசியாகப் பொரித்த காத்தோட்டிக்காயை ஒரு சின்னக் கிண்ணத்தில் கொண்டுவந்து என் இலையில் வைத்தா. வைத்துவிட்டு உள்ளே போகாமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றா. நான் ஒன்றை எடுத்து வாயில் போட்டேன்.

“பதமாய் வந்திருக்கோ தம்பி?” என்று கேட்டா. “கலியாணம் செய்து வந்த வருசம், அவர் விரதம் இருக்கேக்கை மாமி பொரிக்கப் பாத்தனான். நான் அடுப்பிலை வைச்சது இண்டைக்குத்தான்.”